மாடல் எஃப் மறு உருவாக்க விசைப்பலகை: நாலரை ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

ஐபிஎம் நிறுவனம் 1980களில் வங்கி முனையங்களுக்காகச் செய்த 77 விசை மாடல் எஃப் விசைப்பலகையின் மறு உருவாக்கம் ஒன்றை நாலரை ஆண்டுகளாக நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் பயன்படுத்தி வருகிறேன். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில்; ஆகவே நான் தட்டுவதில் பெரும்பகுதி தமிழ், அதுவும் தமிழ்99 என்னும் தமிழ் விசையமைப்பில். பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகளில் ஓசையும் அழகும்தான் பேசப்படுகின்றன. நான்கு மழைக்காலம் கண்ட பிறகு அந்தப் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பது வாங்க நினைப்பவருக்கு அதைவிடப் பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அசல் பழம்பொருளை வாங்காமல் நகலை ஏன் வாங்கினேன் என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. மாடல் எஃப், 1981இல் வெளிவந்த முதல் ஐபிஎம் பிசியோடு வந்த வகை. அதில் மேல் தகடும் கீழ்த் தகடும் எஃகு; இரண்டும் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்ளும். 1980களின் நடுவில் அதற்கு மாற்றாக வந்த, பலரும் பார்த்திருக்கக்கூடிய மாடல் எம்மில் செலவைக் குறைப்பதற்காகத் தகடுகளைப் பிளாஸ்டிக் தறைகளால் (ரிவெட்) இணைத்தார்கள். வயதாக ஆக அந்தத் தறைகளின் தலைகள் ஒவ்வொன்றாக உடைந்து விழும். கட்டுமானத்தில் பழையதே மேல். ஆனால் நாற்பது வயதான மாடல் எஃப்பைத் திறந்தால் தகடுகளுக்கு இடையே இருக்கும் நுரைப்படலம் பெரும்பாலும் பொடிந்து போயிருக்கும். தகட்டில் துரு இருக்கும். இன்றைய கணினியில் இணைக்க ஒரு மாற்றியும் தேவைப்படும். திருவான்மியூரின் உப்புக் காற்றில் ஏற்கெனவே ஒரு பழைய விசைப்பலகையின் அடித்தகடு இரண்டே ஆண்டுகளில் பழுப்பேறியதைப் பார்த்தவன் நான். எனக்கு வேண்டியது 1981இன் கட்டுமானம். அதன் முதுமை வேண்டாம். விலை, கூரியர் கட்டணம், சுங்கவரி எல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தர மடிக்கணினியின் விலைக்கு வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதன் உள்ளமைப்பைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். பின்னால் வரும் குறைகளும் நிறைகளும் அதிலிருந்தே வருகின்றன. ஒவ்வொரு விசைமூடிக்கு அடியிலும் ஒரு ஸ்பிரிங் நிற்கிறது. அழுத்த அழுத்தத் தாங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் மடங்குகிறது. மடங்கும் வேகத்தில் அதன் காலடியில் உள்ள சிறு பிளாஸ்டிக் பலகை சாய்கிறது. மின்கடத்தும் தன்மையுள்ள அந்தப் பலகை சாயும்போது சர்க்யூட் போர்டில் உள்ள பட்டைகளுக்கு இடையிலான மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்தாகப் படிக்கிறது. ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்ட் ஹாரிஸ் இதற்கு 1978இல் காப்புரிமை பெற்றார். விரல் உணர்வதும் காது கேட்பதும் எழுத்து பதிவதும் ஒரே நொடியில் நடக்கின்றன. உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொள்ளும் இடமே இதில் இல்லை.

இந்தக் கடைசிச் செய்தி தமிழ்99இல் தட்டுபவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு அனுபவத்தில்தான் விளங்கியது. சாதாரண மெக்கானிக்கல் விசைகளில் உலோகத் தொடுமுனைகள் தேயும்போதோ அழுக்கேறும்போதோ ஒரு தட்டு இரு தட்டாகப் பதிவாகும். ஆங்கிலத்தில் அப்படி நேர்ந்தால் பிழை பல்லிளித்துக்கொண்டு நிற்கும். தமிழ்99இலோ ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்துவிடும். நான் முன்பு வைத்திருந்த விசைப்பலகையில் மூன்றாம் ஆண்டில் ககரமும் டகரமும் இரட்டிக்கத் தொடங்கின. ‘மகள்’ என்று தட்டினால் ‘மக்கள்’ என்று வந்தது, ‘படம்’ ‘பட்டம்’ ஆயிற்று. இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் வாய் திறக்காது. அச்சுக்குப் போன ஒரு பக்கத்தில் ஒருவருடைய மகள் மக்களாக வெளிவந்த பிறகு, ஒற்று மிகுவதை விசைப்பலகை தீர்மானிக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தேன். இந்த மாடல் எஃப்பில் நாலரை ஆண்டுகளில் ஒரு விசைகூடத் தானாக இரட்டித்ததில்லை.

அதே தமிழ்99தான் இதன் கடினத்தையும் காட்டிக்கொடுத்தது. இதில் ஒரு விசையை மடக்க ஏறத்தாழ 65 முதல் 70 கிராம் வரை அழுத்தம் வேண்டும் என்பார்கள். ஆங்கிலத்தில் வலக்கைச் சுண்டுவிரலுக்குப் பெரும்பாலும் நிறுத்தற்குறிகள்தான் வேலை. தமிழ்99இல் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் அந்த ஒரு விரலின் தலையில்தான் விழுகின்றன. முதல் மாதம் மாலைவேளைகளில் சுண்டுவிரலின் அடிமூட்டு வலித்தது. இரண்டாம் மாதம் குறைந்தது. பிறகு மறந்தே போயிற்று. விரல்மூட்டு வலி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பேஸ் பார் தொடக்கத்தில் மற்ற விசைகளைவிடக் கனமாக இருந்தது. அதைத் தாங்கும் கம்பியை மெல்ல வளைத்துச் சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அதைத் தொட வேண்டியிருக்கவில்லை.

என் அவசரத்தால் வந்த கோளாறுகள் இரண்டு. மூன்றாம் ஆண்டு பொங்கலுக்கு முன் விசைமூடிகளை எல்லாம் கழற்றிக் கழுவி, பலகையை மேசையில் கிடத்தியபடியே திரும்ப மாட்டினேன். செய்யக் கூடாதது அதுதான். ஸ்பேஸ் பார் இருக்கும் ஓரம் மேலே பார்க்கும்படி பலகையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மாட்டினால்தான் ஸ்பிரிங் தன் குழலுக்குள் சரியான பக்கம் சாய்ந்து, மூடியின் அடியில் உள்ள முனையில் ஏறும். எல்லா விசையும் ‘டிக்’ என்று பேச, ‘ந’ விசை மட்டும் ‘தொப்’ என்று ஊமையாக இறங்கியது. மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கின் மேல்வளையம் ஒருபக்கமாகக் கோணியிருந்தது. பலகையை நிமிர்த்தி, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியை ஸ்பிரிங்குக்குள் விட்டு நடுவில் நிறுத்தி, அதன்மேல் மூடியை அழுத்தினேன். இரண்டாம் முயற்சியில் ‘டிக்’ வந்தது. இதற்கு உற்பத்தியாளர் எவரும் தேவைப்படவில்லை, சாலிடரிங் அயர்னும் தேவைப்படவில்லை.

மற்றொன்று மின்வெட்டின்போது நடந்தது. இந்தப் பலகையின் கட்டுப்பாட்டு மென்பொருள், மின்சாரம் கிடைத்த கணத்தில் ஒவ்வொரு விசையின் மின்தேக்கத்தையும் அளந்து, அதையே அழுத்தப்படாத நிலை என்று எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் போனபோது கையில் இருந்த அகராதித் தொகுதியைப் பலகையின் வலப்பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து கணினியை இயக்கியபோது அகராதி அங்கேயே இருந்தது. அதன் பிறகு வலக்கை மெய்களில் பாதி வேலை செய்யவில்லை. போர்டு போய்விட்டது என்றே எண்ணி, அரை மணி நேரம் திருகாணிகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, கடைசியில் யுஎஸ்பி வடத்தைப் பிடுங்கித் திரும்பச் செருகியதும் எல்லாம் சரியாயிற்று. இணைக்கும்போது விசைகளின்மேல் எதுவும் இருக்கக் கூடாது என்பதை வாங்குபவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

ஓசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் தாயார் முதல் வாரத்திலேயே, “வீட்டுலயே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சுட்டியா?” என்று கேட்டார். அடுத்த அறைக்குத் தெளிவாகக் கேட்கும். இணையவழிக் கூட்டத்தில் ஒலிவாங்கியை அணைக்காமல் தட்டினால் எதிர்முனையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். விசை மேலே வந்த பிறகும் ஸ்பிரிங் ரீங்கரிப்பதுதான் எனக்கு உறுத்தியது. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலில் ஒரு துண்டை ஸ்பிரிங்குக்குள் விட்டால் ரீங்காரம் அடங்கும். என்டர், பேக்ஸ்பேஸ் இரண்டுக்கு மட்டும் அப்படிச் செய்திருக்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் மடிக்கணினியின் விசைகளையே பயன்படுத்துகிறேன், வேறு வழியில்லை.

விசைமூடிகள் பிபிடி பிளாஸ்டிக். எழுத்துகள் மேலே அச்சிடப்படாமல் சாயமாக உள்ளே ஊறியவை. அதிகம் அடிபடும் விசைகளிலும் எழுத்து மங்கவில்லை. ஸ்பேஸ் பாரில் வலக்கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் ஒரு ரூபாய்க் காசளவுக்குப் பளபளப்பு ஏறியிருக்கிறது. வலக்கோடியில் உள்ள 15 விசைகளை, விசைகளின் வேலையை மாற்றியமைக்க உதவும் கியூஎம்கே மென்பொருளில் என் விருப்பப்படி அமைத்துக்கொண்டேன். அவற்றில் ஒன்று தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவதற்கு. இந்த ஒரு வசதி அசலில் கனவிலும் கிடையாது.

துருவைப் பொறுத்தவரை, சென்ற மாதம் திறந்து பார்த்தபோது தகடுகளின் பூச்சு அப்படியே இருந்தது. ஓரத்தில் ஒரு திருகாணியின் தலை மட்டும் செம்மை தட்டியிருந்தது, அதை மாற்றிவிட்டேன். நுரைப்படலம் விரலால் அழுத்தினால் இன்னும் மீண்டெழுகிறது. வாங்கும்போதே உதிரியாக வரவழைத்த ஸ்பிரிங்குகள் பன்னிரண்டில் பதினொன்று மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ‘ந’ விசையின் ஸ்பிரிங் கோணியதற்குப் பிறகு ஒன்றை மாற்றிக்கொண்டேன்.