வேலையைக் காட்டும் நூல்கள்: இவ்வாண்டு வாசிப்பில் மனத்தில் நின்றவை

படித்து முடித்த அன்று தோன்றும் மகிழ்ச்சியை மட்டும் நம்பினால், ஓர் ஆண்டில் பிடித்த நூல்களின் பட்டியல் மிக நீண்டுவிடும். சில மாதங்கள் கழித்தும் எந்த நூலின் எந்தப் பக்கம் தானாக நினைவுக்கு வருகிறது என்று பார்த்தால் மிஞ்சுபவை மிகச் சிலவே. இவ்வாண்டு எனக்கு அப்படி மிஞ்சியவை நான்கு. நான்கும் பழைய நூல்கள். நான்கிலும் மனிதர்கள் செய்யும் வேலை, அதன் நுட்பத்தோடும் சலிப்போடும், கதைக்கு இணையான இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒற்றுமையைத் தேடி நான் நூல்களை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் படுகிறது.

முதலிடம் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலுக்கு. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, 1942இல் ஆசிரியரின் மறைவால் 122ஆம் அத்தியாயத்தோடு நின்றுபோன இந்தத் தன்வரலாறு, 1950இல் நூலாக வெளிவந்தது. தமிழ்த் தாத்தா என்று பாடநூலில் பார்த்துப் பழகிய தலைப்பாகை முதியவரைச் சற்று மறந்துவிட்டுப் படிப்பது நல்லது. ஏனெனில் நூலின் பெரும்பகுதியில் நாம் காண்பது, பாடம் சொல்ல ஓர் ஆசிரியர் கிடைக்கமாட்டாரா என்று ஏங்கும் ஓர் ஏழை இளைஞனைத்தான். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போக, அருகிலிருப்பவர் எழுத்தாணியால் ஓலையில் எழுதிக்கொண்டு வரும் காட்சிகளில், அச்சுக்கு முந்திய தமிழ்க் கல்வி எப்படி நடந்தது என்பதை எந்த ஆராய்ச்சி நூலையும்விடத் தெளிவாகக் காண முடிகிறது.

ஆனால் என்னை மீண்டும் மீண்டும் இழுத்தது பிற்பகுதி. 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கப் போனவர், தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்க, முதலியார் அவற்றில் எதற்கும் வியக்காமல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்ததற்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளின் உழைப்பை, துப்பறியும் கதைக்குரிய விறுவிறுப்போடு அவர் சொல்கிறார். சமண சமயச் செய்திகள் விளங்காமல், அவற்றை அறிந்தவர்களைத் தேடி ஒரு சைனர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், வீட்டில் படித்துவந்த சிந்தாமணி நிறைவு பெற்றதைக் கொண்டாடுகிறோம் என்கிறார்கள். ஏட்டுப் பிரதிகளில் பொருள் தெரியாமல் தாம் போராடிக்கொண்டிருந்த காப்பியம், அதே ஊரில் சில வீடுகளில் பாராயண நூலாக உயிரோடு இருப்பதை அவர் கண்டுகொள்ளும் இந்த இடம், நூலிலேயே ஆகச் சிறந்த பகுதி என்பது என் எண்ணம். பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும்போது, குறிஞ்சிப்பாட்டில் மலர்ப் பெயர்கள் அடுக்கி வருமிடத்தில் விட்டுப்போயிருந்த அடிகள் தருமபுரம் மடத்து ஏட்டில் அகப்படும் செய்தியையும் இதன் அருகே வைக்கலாம். குறையும் உண்டு. ஆதீனங்கள், பிரபுக்கள், உபசாரங்கள் பற்றிய பகுதிகள் ஒரே தன்மையோடு நீள்கின்றன. பெயர்களின் கூட்டத்தில் வாசகர் வழி தவறுகிறார். இவ்வளவு பெயர்கள் வரும் நூலுக்குப் பெயரகராதி இல்லாத பதிப்பு ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது என்பது தனி வருத்தம்.

அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ அளவிலும் தொனியிலும் இதற்கு நேர் எதிர். ஜெமினி ஸ்டூடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் எழுதிய சினிமா நாவலில் கவர்ச்சியான வெளிச்சம் ஒரு துளியும் இல்லை. வெளிப்புறப் படப்பிடிப்புக்காக விடியற்காலையில் ஆட்களை எழுப்பி, வண்டியில் ஏற்றி, சிற்றுண்டிக்கு ஏற்பாடு செய்யும் புரொடக்‌ஷன் மானேஜர் நடராஜனோடு நாவல் தொடங்குகிறது. தொடக்கத்தில் கதாநாயகன்போலத் தோன்றும் அவர் விரைவிலேயே பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார். பிற்பாடு அவருக்கு என்ன ஆயிற்று என்பதை ஆசிரியர் போகிற போக்கில் சொல்லும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஒரு படம் நின்றுபோனால் எத்தனை பேருடைய வீட்டு அடுப்பு அணைகிறது என்பதை ஓரிடத்திலும் குரல் உயர்த்தாமல் எழுதியிருக்கிறார். அந்த அடக்கம் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே பாத்திரத்தைக் கடைசிவரை பின்தொடர விரும்புகிறவர்களுக்கு இந்நாவல் ஏமாற்றம் தரும்.

தாராசங்கர் பந்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, த.நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் வங்க நாவல் என்ற நினைப்பே வராமல் ஓடுகிறது. நாடி பார்த்தே மரணத்தின் வருகையை அறிந்துவிடும் பழைய முறை வைத்தியர் ஜீவன் மஷாய்க்கும், புதிய மருத்துவம் கற்றுவந்த இளம் டாக்டருக்கும் இடையிலான மோதலில் ஒருவரை வெல்லவைத்து மற்றவரைத் தோற்கடிக்கும் எளிய வழியை ஆசிரியர் எடுக்கவில்லை. தன் மகனின் முடிவையும் முன்கூட்டியே அறிந்துகொண்ட மருத்துவனை அவனுடைய மனைவி ஆயுள் முழுவதும் மன்னிக்காத பகுதிகள் நாவலின் உயிர். மரணம் பற்றிய தத்துவ விசாரணைகளைச் சிறிது குறைத்திருக்கலாம்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ பற்றிப் பலரும் நிறையவே எழுதிவிட்டார்கள். 1972இல் வெளிவந்த இந்நாவலின் போர்க்காலச் சாகசங்களைவிட, இந்தோனேசியாவின் மெடான் நகரில் வட்டிக்கடை நடத்தும் செட்டியார்களும் அவர்களிடம் பணிபுரியும் அடுத்தாள்களும் பெட்டியடிப் பையன்களும் பேசிக்கொள்ளும் பக்கங்களே எனக்கு உவப்பானவை. நாயகன் பாண்டியனின் நீண்ட தனிமொழிகளுக்குத்தான் பொறுமை தேவைப்படுகிறது.

இந்த நான்கில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, இரண்டு மூன்று மாலைகளில் முடித்துவிடக்கூடிய ‘கரைந்த நிழல்கள்’ நாவலைச் சொல்வேன். ‘என் சரித்திரம்’ நூலின் பருமனைக் கண்டு தயங்குபவர்கள், கும்பகோணம் கல்லூரியில் சாமிநாதையர் வேலைக்குச் சேரும் அத்தியாயத்தில் நுழைந்து, சிந்தாமணி அச்சேறும் வரை படித்துவிட்டுப் பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பலாம். தொடராக எழுதப்பட்ட நூல் என்பதால் இந்த வாசிப்பு முறைக்கு அது நன்றாகவே இடங்கொடுக்கிறது.