பைக் இடப்பக்கம் இழுக்கிறதா? என் 7,850 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்

நேற்று இரவிலிருந்து இதை எழுத உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். கோபத்தில் எழுதினால் வசவுதான் வரும் என்று மனைவி சொன்னாள். வந்தால் வரட்டும். போனது 7,850 ரூபாய். மகனின் பள்ளி வேன் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம். பைக் ஒரு பக்கமாக இழுத்தால் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்று முடிவில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

என்னுடையது 150 சிசி வண்டி, ஏழு வருடப் பழசு. ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்குத் தினமும் அதில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் பின் டயர் வழுவழுவென்று ஆகிவிட்டதே என்று புதிது மாற்றினேன். இரண்டாம் நாள் காவிரிப் பாலத்தில் போகும்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. வண்டி நேராகத்தான் போனது, ஆனால் ஹேண்டில் சற்று வலப்பக்கம் திரும்பியே இருந்தது. ஹேண்டிலை நேராக்கினால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. வீடு வந்து சேர்வதற்குள் வலது தோள்பட்டை கடுக்கத் தொடங்கியது.

நானும் ஒன்றும் தெரியாதவன் இல்லை. மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும்தான் இருக்கும். இடது ஓரமாகப் போகிற வண்டி கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. அதனால் விடிகாலையில் சாலை காலியாக இருக்கும்போது நடுக்கோட்டை ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் இழுத்தது. காற்றழுத்தம் பார்த்தேன்: முன்னால் 25, பின்னால் 28, சரியாகவே இருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அங்கேதான் மாட்டினேன்.

பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. புறவழிச்சாலை ஓரத்தில், கணினி மூலம் சேஸிஸ் அலைன்மென்ட் (வண்டியின் சட்டம் நேராக இருக்கிறதா என்ற சோதனை) பார்க்கப்படும் என்று பெரிய பலகை வைத்திருக்கும் ரகம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தரையில் டைல்ஸ், சுவரில் பந்தய பைக் படங்கள், பையன்களுக்குச் சீருடை, காத்திருக்க சோபா. மரத்தடி மெக்கானிக்கிடம் போவதை விட இது மேல் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முதலாளிக்கு முப்பது வயது இருக்கும். மிகவும் மரியாதையாகப் பேசினார். டீ வரவழைத்தார். “பின் டயர் மாற்றிய பிறகுதான் இப்படி” என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். “டயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அண்ணா” என்று சிரித்தார். பிறகு முன் சக்கரத்தின் டிஸ்க்கில் ஒரு லேசர் கருவியை மாட்டி, எதிர்ச் சுவரில் விழுந்த சிவப்புப் புள்ளியைக் காட்டினார். அது நடுக்கோட்டை விட்டு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது. “பார்த்தீர்களா, முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க் பைப் இரண்டும் வளைந்திருக்கின்றன. சேஸிஸும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. வேகமாகப் போகும்போது எங்கேயாவது இழுத்துக்கொண்டு போய்விடும். பிள்ளையை வைத்துக்கொண்டு போகிற வண்டி அண்ணா, யோசித்துக்கொள்ளுங்கள்.”

பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் என் மூளை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. வண்டி எங்கும் விழவில்லை, எதிலும் மோதவில்லை. பிறகு எப்படிச் சேஸிஸ் திரும்பும் என்று கேட்கத் தோன்றவில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. அந்த லேசரை மாட்டிக் காட்டியபோது வண்டி சைடு ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது! இடப்பக்கம் சாய்ந்து நிற்கிற வண்டியைக் காட்டி, இடப்பக்கம் சாய்கிறது என்று சொன்னார், நான் தலையாட்டினேன். இந்தக் காட்சி நேற்று இரவு தூக்கத்தில் வந்து எழுப்பியது.

சேஸிஸ் அலைன்மென்ட் 3,500, போர்க் 2,800, கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) 750, கூலி 800. மொத்தம் 7,850 ரூபாய். இரண்டு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள். கைபேசியிலேயே பணம் அனுப்பினேன். அதைப் பெற்றுக்கொண்டது கடையின் பெயர் இல்லை, யாரோ ஒருவருடைய பெயர். பில் என்று ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். அதில் கடை முத்திரையும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பழைய பைப்புகளைக் கேட்டேன். “அப்போதே காயலான் கடைக்குப் போய்விட்டன அண்ணா” என்றார்கள். மூன்று மாத உத்தரவாதம் உண்டா என்றதற்கு, “எங்கே போகப் போகிறோம், இங்கேதானே இருப்போம்” என்று பதில் வந்தது. உண்மைதான், அங்கேயேதான் இருக்கிறார்கள்.

காவிரிப் பாலம் ஏறுவதற்குள் தெரிந்துவிட்டது. அதே இழுப்பு, துளியும் குறையவில்லை.

அன்று மாலையே கூப்பிட்டேன். புது பைப், இருநூறு கிலோமீட்டர் ஓடினால் தானாகச் செட்டாகிவிடும் என்றார். இருநூறுக்கு மேலேயே ஓட்டினேன். மறுபடி கூப்பிட்டால், சாலையின் சரிவு அப்படி என்றார். நடுச்சாலையிலும் இழுக்கிறதே என்றதற்கு, நான் உட்காருவதே கோணல் என்றார். ஏழு வருடமாக இதே வண்டியில் இதே இடுப்போடுதான் உட்காருகிறேன். டயர் மாற்றிய மறுநாளிலிருந்து மட்டும் கோணிக்கொண்டதாம். அடுத்த முறை, புது டயரில் கம்பெனிக் குறை இருக்கும், டயர் கடையில் போய்க் கேளுங்கள் என்றார். டயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்ன அதே வாய்! அதன் பிறகு என் அழைப்பை எடுப்பது நின்றது. வாட்ஸ்அப் செய்திக்கு நீல டிக் மட்டும் விழும். 7,850 ரூபாய்க்கு நான் வாங்கியது இரண்டு நீலக் கோடுகள்.

நேற்று மாலை வேலை முடிந்து வரும்போது திருவெறும்பூரில் செயின் கடகடவென்று சத்தம் போட்டது. வேறு வழியில்லாமல் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். சாக்குப் பை விரித்து, அதன் மேல் பத்துப் பதினைந்து ஸ்பேனர்களைப் பரப்பி வைத்திருக்கும் ஒரு பெரியவர். டைல்ஸும் கிடையாது, லேசரும் கிடையாது. இழுப்பதைப் பற்றியும் சொன்னேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி: “கடைசியாக இதில் எங்கே கை வைத்தார்கள் தம்பி?”

பின் டயர் மாற்றினேன் ஐயா என்றேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடச் சொல்லிவிட்டு, நேராகப் பின் சக்கரத்தருகே போய்க் குந்தினார். செயினை இறுக்கும் இடத்தில், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுவிங் ஆர்மின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடுகள் வெட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் மேல் அப்பியிருந்த கிரீஸையும் மண்ணையும் கட்டைவிரலால் வழித்தார். இடப்பக்கம் நாலாவது கோடு. வலப்பக்கம் ஐந்தையும் தாண்டி ஆறைத் தொடப் போய்க்கொண்டிருந்தது.

“வண்டி நண்டு மாதிரி நடக்கிறது தம்பி” என்றார்.

விஷயம் இவ்வளவுதான். டயர் மாற்றும்போது பின் அச்சைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மாட்டும்போது வலப்பக்கத்தை மட்டும் கூடுதலாகப் பின்னுக்கு இழுத்து இறுக்கியிருக்கிறார்கள். அச்சு கோணிக்கொண்டதால் பின் சக்கரம் வலப்பக்கம் பார்க்கிறது. வண்டி நேராகப் போக வேண்டுமானால் முன் சக்கரமும் அதே திசையைப் பார்த்தாக வேண்டும். அதனால்தான் ஹேண்டில் வலப்பக்கம் திரும்பியிருந்தது. ஹேண்டிலை நேராக்கினால் வண்டி இடப்பக்கம் வளைகிறது. செயின் ஓடும் பின் ஸ்பிராக்கெட்டின் பற்களை விரலால் தடவிக் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் உரசி உரசி வெள்ளிபோல மின்னியது. கடகடச் சத்தமும் அதனால்தான்.

கோடுகளை மட்டும் நம்பக்கூடாது, அவை தொழிற்சாலையிலிருந்தே முன்னே பின்னே இருக்கும் என்று சொல்லி, பையிலிருந்து கொத்தனார் நூல் ஒன்றை எடுத்தார். பின் டயரின் பின்னால் அதைச் சுற்றி, இரு முனைகளையும் இரண்டு பக்கமும் முன் சக்கரத்தைத் தாண்டி இழுத்துப் பிடித்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். ஸ்டாண்டிலோ சைலன்சரிலோ நூல் படாத உயரம், பின் டயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் நூல் தொட வேண்டும். என் பின் டயர் 100 மில்லிமீட்டர் அகலம், முன் டயர் 80. அப்படியானால் முன் டயருக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். என் வண்டியில் இடப்பக்க நூல் முன் டயரில் இடித்து வளைந்தது. வலப்பக்கம் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

அச்சின் நட்டைத் தளர்த்தி, வலப்பக்கத்தைக் கால் சுற்று, கால் சுற்றாக விட்டு, நூலைப் பார்த்து, மறுபடி விட்டு, செயினின் தொய்வை விரலால் தூக்கிப் பார்த்து இறுக்கினார். இருபது நிமிடம். நூறு ரூபாய் வாங்கினார். ஓட்டிப் பார்த்தேன். நூல் பிடித்தாற்போலப் போனது.

இதோடு முடிந்திருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். டயர் கடைப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. அவன் செய்தது கவனக்குறைவு. ஆனால் பெரியவர் கடைசியில் முன்பக்கம் போய், பக்கவாட்டில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு போர்க் பைப்புகளும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தார். “நேராகத்தான் இருக்கின்றன. இது என்ன சிவப்பாக?” என்றார்.

குனிந்து பார்த்தேன். வலது பைப்பின் பின்புறம், இன்ஜினைப் பார்த்த பக்கம், ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு வருடத்துக்கு முன் அந்த இடத்தில் துரு அரித்துச் சிறு குழி விழுந்தபோது, பைப்பில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் கிழியாமல் இருக்க என் மனைவியின் நெயில் பாலிஷை நானே வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கிய புள்ளி. காயலான் கடைக்குப் போய்விட்ட பைப்பின் புள்ளி. செட்டாவதற்கு இருநூறு கிலோமீட்டர் கேட்ட “புது” பைப்பில் இருக்கிறது!

இதற்கு மேல் அந்தப் பட்டறை முதலாளியை “அவர்” என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நேராகப் பட்டறைக்கே போனேன். புள்ளியைக் காட்டினேன். பெயிண்ட் தெறித்திருக்கும் என்றான். இது என் வீட்டு நெயில் பாலிஷ் என்றேன். உள்ளே போய்விட்டு வந்து, “பழைய பைப்பையே நிமிர்த்திப் போட்டோம், பில்லைப் பாருங்கள்” என்றான். துண்டுத்தாளை எடுத்துப் பார்த்தேன். “போர்க் வேலை – 2,800” என்றுதான் எழுதியிருக்கிறது. பைப் மாற்றியதாக ஒரு எழுத்து இல்லை. எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறான் பாருங்கள். அப்படியானால் 3,500 ரூபாய்க்குச் சேஸிஸில் என்ன செய்தாய் என்று கேட்டதும், கடை மூடும் நேரம் என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். பைக்குப் பெண்டு எடுப்பதாகச் சொல்லி என் பெண்டை நிமிர்த்தி அனுப்பிவிட்டான். 7,850 ரூபாய்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். பில் கொடுக்காமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் என் கையில் இருப்பது ஒரு துண்டுத்தாளும், யாரோ ஒருவர் பெயருக்குப் பணம் போன படமும்தான்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். வேலைக்கு நேரமாகிவிட்டது, கையும் நடுங்குகிறது. அவசரத்துக்கு இவை மட்டும்:

இழுப்பு எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் வண்டியில் எதைக் கழற்றினார்கள் என்று பாருங்கள். டயர், பஞ்சர், செயின் வேலை எதுவாக இருந்தாலும் முதலில் பின் அச்சின் கோடுகளைப் பாருங்கள், பிறகு நூல். சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் எங்கும் சிக்கக்கூடாது. சிக்கினால்தான் கோன் செட். விழுந்த வண்டியாக இருந்தால் ஒழியச் சேஸிஸ் பேச்சை எடுக்கவே விடாதீர்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் எவனாவது லேசரை மாட்டினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பழைய பாகத்தை வேலைக்கு முன்பே கேட்டுவையுங்கள், மாற்றப்போகும் பாகத்தில் ஒரு அடையாளமும் வைத்துவிடுங்கள். நெயில் பாலிஷ் போதும்.

சோதிக்கிறேன் என்று ஓடும் வண்டியில் இரண்டு கையையும் விட்டுவிடாதீர்கள். பிடியைத் தளர்த்தினாலே தெரியும்.

பணம் திரும்ப வந்தால் இங்கேயே எழுதுகிறேன். எழுதும்படியாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.