வெளிச்சுவருக்கு எந்த மரம்: பைனா, தேக்கா, செடாரா?

வீட்டின் வெளிச்சுவரில் மரப்பலகை பதிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மருந்தேற்றிய பைன், தேக்கு, மேற்கத்திய சிவப்பு செடார் ஆகிய மூன்றுக்கும் நடுவே தடுமாறுவார்கள். நான் செடாரைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும். நிறமும் ரேகையும் அவரவர் விருப்பம். புதுப்பலகை எதுவானாலும் அழகாகத்தான் இருக்கும். தீர்மானிக்க வேண்டியது, அந்தப் பலகை மேற்பூச்சு இல்லாமல் நிற்குமா என்பதைத்தான்.

வெயிலின் புற ஊதாக் கதிர், மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிச் செல்ல, பலகை சாம்பல் நிறமாகிறது. மரமே கெட்டுவிட்டதுபோலத் தோன்றினாலும், இந்த அரிப்பு பைன் போன்ற ஊசியிலை மரங்களான மென்மரங்களில் நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான். செடார் போன்ற இலேசான மரங்களில் 12 மில்லிமீட்டர் வரை போகலாம். மரத்தை உண்மையில் அழிப்பது உள்ளே தங்கும் ஈரம். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை உளுக்கச்செய்யும் பூஞ்சை வளர்வதில்லை.

மரத்தைக் காப்பதாக நினைத்துப் பூசும் வார்னிஷ், பல நேரங்களில் அந்த ஈரத்தைத்தான் சிறைப்படுத்துகிறது. பலகை விரிந்து சுருங்கும்போது பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. அவற்றின் வழியே நுழைந்த நீர் வெளியேற வழியின்றித் தங்குகிறது. பலகையின் வெட்டுமுனையை ஒட்டி முதலில் பால் நிறத்தில் ஒரு திட்டு தெரியும்; பிறகு நகத்தால் நெம்பினாலே பூச்சு செதில்செதிலாகப் பெயர்ந்து வரும். அதன் மேலேயே மறுபூச்சு அடித்தால் பிடிக்காது. பழையதைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, புதிதாகத் தொடங்க வேண்டும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு உரியாது, ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறமி மிகுந்த பெயின்ட்தான் நீண்ட நாள் தாங்கும். எதுவானாலும் செலவில் பெரும்பகுதி டப்பாவுக்கு அல்ல, சாரம் கட்டுவதற்கும் ஆள்கூலிக்கும் போகிறது. மாடிச்சுவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கோணத்தில் பைனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அழுத்தத்தில் ஏற்றிய செம்புச் சேர்ம மருந்து உளுப்பைத் தடுக்கும். பலகை முறுக்கிக்கொள்வதையும் வெடிப்பதையும் தடுக்காது. அறுத்த முனைகளுக்கு மருந்தை மறுபடி பூச வேண்டும். எப்படியும் பெயின்ட் அடிக்கப்போகிறவருக்கு அதுவே போதும். கூடுதல் விலை கொடுத்து வேறு மரம் தேடுவது வீண்.

தேக்கின் பெருமையில் பொய்யில்லை. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 350, ஆசியக் காட்டுத் தேக்கின் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள முற்றிய கட்டையை, நீடிப்புத்திறனில் முதல் வகுப்பில் வைக்கிறது. கரையான் நடமாட்டம் உள்ள இடமென்றால் நானும் யோசிக்காமல் தேக்கையே வாங்கியிருப்பேன். ஆனால் இளவயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய முற்றாத கட்டை, அதிகம். எந்த மரமானாலும் அதன் வெள்ளைக்கு மழையைத் தாங்கும் திறன் கிடையாது. பெயரை மட்டும் நம்பி வாங்கினால், தேக்கின் விலைக்கு வெள்ளைக்கட்டைதான் கிடைக்கும். எடையும் அதிகம், கனமீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. அதிலுள்ள சிலிக்கா வாள்பற்களையும் விரைவில் மழுக்கிவிடும்.

செடார் அதே தரநிலையில் இரண்டாம் வகுப்பு. அதுவும் வட அமெரிக்காவில் விளைந்ததற்குத்தான். ஐரோப்பாவில் நட்டு வளர்த்ததற்கு ஒரு படி குறைவு. ஆனாலும் எடை தேக்கில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். விரிவதும் சுருங்குவதும் குறைவு என்பதால் பூச்சே இல்லாவிட்டாலும் பலகை தட்டையாக நிற்கிறது. மேலே சொன்ன சாரம், சுரண்டல், உப்புத்தாள் எதுவும் தேவைப்படாது என்பதுதான் என்னை அதன் பக்கம் இழுத்தது.

குறைகளும் உண்டு. நகத்தை அழுத்தினாலே பள்ளம் விழும் அளவுக்கு மென்மையானது. ஆள் உரசிப்போகும் நடைபாதைச் சுவருக்கு ஏற்றதல்ல. சாதாரண இரும்பு ஆணி அடித்தால், மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து ஆணித்தலையிலிருந்து கறுப்புக் கோடாக வழியும்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி கட்டாயம். சாம்பல் நிறமும் ஒரே சீராக வராது. திறந்த பகுதி வெளுத்த பின்னும் இறவாணத்தின் அடியில் பழுப்பு நெடுநாள் தங்கும். இந்தத் திட்டுத்திட்டான தோற்றத்தைச் சகிக்க முடியாதவர் செடாரைப் பூச்சில்லாமல் விடக் கூடாது. பலகைக்குப் பின்னால் ரீப்பர் எனப்படும் மெல்லிய மரச்சட்டம் அடித்து 20 முதல் 25 மில்லிமீட்டர் காற்றிடைவெளி விடாவிட்டால், முதல் வகுப்பு மரமும் உளுக்கும்.

வெப்பத்தால் பதப்படுத்திய மரம் இப்போது நான்காவது போட்டியாளராகியிருக்கிறது. பின்லாந்து முறையில் 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றுவதால், அது உறிஞ்சும் ஈரம் வெகுவாகக் குறைகிறது. வாசலை ஒட்டிய ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால், என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை சற்றும் வளையவில்லை. ஆனால் சூட்டில் நொறுங்கும் தன்மை கூடிவிடுவதால், முனைக்கு அருகில் முன்கூட்டித் துளையிடாமல் திருகாணி ஏற்றினால் பிளந்துவிடுகிறது. கரையானையும் அது தடுக்காது.