கேம்பிரிட்ஜில் ஐந்து கோடை, பட்டம் எதுவும் இல்லை

“முடித்தால் என்ன பட்டம் தருவாங்க?” ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் என் அத்தை கேட்கும் கேள்வி இது. ஒன்றும் தரமாட்டார்கள். வகுப்புக்கு வந்துபோனதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. என்னுடைய ஐந்தும் வீட்டில் எங்கோ இருக்கின்றன, எங்கே என்று கேட்காதீர்கள்.

இங்கிலாந்தில், ரெடிங் ஊரில் ஒரு மருத்துவமனை லேபில் முப்பது வருஷம் ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வயது வந்தவர்களுக்காக நடத்தும் கோடை வகுப்புகளுக்கு 2015-ல் முதல்முறை போனேன். அப்புறம் 2016, 2018. 2020-ல் கொரோனா வந்து எல்லாவற்றையும் முடக்கியது. மறுபடி 2022, 2023. நான் கடைசியாகப் போன 2023, அந்தக் கோடைத் திட்டத்துக்கு நூறாவது ஆண்டு, 1923-ல் தொடங்கியிருக்கிறார்கள். போகலாமா என்று யோசிக்கும் நம் ஆட்கள் சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

18 வயது ஆகியிருந்தால் போதும், மேலே வரம்பு கிடையாது. நுழைவுத் தேர்வு இல்லை. வகுப்பில் பேசவும் படிக்கவும் ஆங்கிலம் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரமும் போகலாம், சில வாரங்கள் சேர்த்தும் போகலாம். வாரத்துக்கு ஒரு பாடமோ இரண்டு பாடமோ எடுத்துக்கொள்ளலாம். அதுபோக எல்லோரும் ஒன்றாக உட்காரும் பொதுச் சொற்பொழிவும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்றும் உண்டு. பாடங்களில் வரலாறு, இலக்கியம், தத்துவம், வானியல் என்று எல்லாம் இருக்கும்.

முதல் வருஷம் நான் செய்த தப்பு, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி எல்லாவற்றையும் இலையில் போட்டுக்கொண்டது. காலையில் ஒரு பாடம், மதியம் ஒரு பாடம், பொதுச் சொற்பொழிவு, ராத்திரிச் சொற்பொழிவு. புதன்கிழமை மதியம் கருந்துளைகளைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது தூங்கிவிட்டேன். தலை பக்கத்து அம்மாள் தோளில் சாய்ந்திருந்தது. அவர் எழுப்பவும் இல்லை, நகரவும் இல்லை. அடுத்த வருஷத்திலிருந்து வாரத்துக்கு ஒரே பாடம்தான்.

ஒரு பாடம் என்றால் எவ்வளவு தெரியுமா? நாளுக்கு ஒரு வகுப்பு வீதம் கூட்டிப் பார்த்தால் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் தேறாது. மூன்று தமிழ்ப் படம் பார்க்கும் நேரம். இதற்கா இவ்வளவு பணம் என்று எனக்கும் தோன்றியது. விஷயம் அந்த ஏழு மணி நேரத்தில் இல்லை. முன்கூட்டியே ஒரு வாசிப்புப் பட்டியல் அனுப்புவார்கள். மாசி, பங்குனி மாதங்களில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுப் போனால் அந்த வாரம் வேறு மாதிரி இருக்கும். படிக்காமல் போனால் நல்ல டிவி நிகழ்ச்சி பார்த்த திருப்தியோடு திரும்பலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, வகுப்பு முடிந்ததும் எழுந்து ஓடக் கூடாது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பல்கலைக்கழகப் பாடத்தை வெளியூர்ச் சனங்களிடம் எடுத்துப் போன ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்காரர். 1867-ல் வட இங்கிலாந்து நகரங்களில் பெண்களுக்கு வகுப்பெடுத்துத் தொடங்கினார். 1873-ல் கேம்பிரிட்ஜ் அதைத் தன் வேலையாகவே ஏற்றுக்கொண்டது. இளம்பெண்களும் ஆண் ஆசிரியரும் நேருக்கு நேர் கேள்வி கேட்டுப் பதில் சொல்வது அந்தக் காலத்தில் மரியாதை இல்லையாம். அதனால் கேள்விகளை அச்சடித்துக் கொடுத்து, பதிலை எழுதி வாங்கினார். ராச்டேலில் தொழிலாளர்களுக்குப் பேசியபோது படங்களைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கேட்க வந்தவர்கள் அந்தப் படங்களைச் சுற்றி நின்று விவாதிக்க ஆரம்பிக்க, சொற்பொழிவோடு கேள்வி நேரமும் ஒட்டிக்கொண்டது. நான் உருப்படியாகக் கற்றதில் பாதி, வகுப்பு முடிந்தபின் கரும்பலகைப் பக்கம் நின்ற அந்த அரைமணி நேரத்தில்தான்.

ஐந்தில் எது சிறந்தது என்றால் யோசிக்காமல் சொல்வேன், 2018. பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கும் வகுப்பு. வேறு எதிலும் இடம் இல்லாததால் சேர்ந்தது.

முதல் நாள் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். 1590-ல் யாரோ ஒரு விவசாயி எழுதிவைத்த உயிலின் நகல். ஆங்கிலம்தானே என்று பார்த்தால் ஒரு வார்த்தை புரியவில்லை. ‘எஸ்’ நெட்டையாக ‘எஃப்’ மாதிரி நிற்கிறது. ‘ஈ’ பின்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. ‘எச்’ வால் வரிக்குக் கீழே தொங்குகிறது. ‘எம்’, ‘என்’, ‘யு’ மூன்றும் வெறும் குச்சிகள். எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று எண்ணித்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேர், முதல் வகுப்பு முழுக்க மூன்று வரி. பக்கத்தில் நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், வயது 81. உயிலில் வந்த ‘பித்தளைப் பானை’ என்ற சொல்லை நாங்கள் இருவரும் அரைமணி நேரம் துரத்தினோம்.

ஆசிரியை திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இருக்க வேண்டியதைப் படிக்காதீர்கள், இருப்பதைப் படியுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு எழுதுங்கள். எனக்கு இது புதிதில்லை. லேபில் ஸ்லைடு பார்க்கும் புதுப் பசங்களிடம் நான் சொல்லி மாளாத பேச்சு இது.

மூன்றாம் நாள் தேதிப் பிரச்சினை வந்தது. உயிலில் பிப்ரவரி 1590 என்று இருக்கிறது. நம் கணக்குக்கு அது 1591. ஏனென்றால் இங்கிலாந்தில் 1752 வரைக்கும் வருஷம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. வகுப்பில் பாதிப் பேர் தலையைச் சொறிந்தார்கள். எனக்குச் சிரிப்பு. சித்திரையில் வருஷம் பிறக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு இதில் என்ன குழப்பம்?

சரி, தங்கும் வசதி. கல்லூரி மாணவர்கள் விடுமுறைக்குப் போனபின் காலியாகும் அறைகளைத்தான் தருவார்கள். கட்டில், மேஜை, அலமாரி. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது. முட்டி வலி உள்ளவர்கள் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மின்விசிறியை எதிர்பார்க்காதீர்கள். 2022 ஜூலை 19 அன்று நான் அங்கேதான் இருந்தேன். லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி, இந்த நாட்டின் வரலாற்றிலேயே முதல்முறை நாற்பதைத் தாண்டிய நாள். அன்று ராத்திரி துண்டை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன், திரைச்சீலையைப் பகல் முழுக்க மூடியே வைத்திருந்தேன். எதிர் அறை அமெரிக்கப் பெண்மணிக்கு அது பெரிய அறிவியல் கண்டுபிடிப்பு. மாயவரத்தில் எங்கள் பாட்டிக்கு ஏப்ரல் மாத வழக்கம் அது.

சைவச் சாப்பாடு கிடைக்கும். ராத்திரிக்குள் நாக்கு செத்துவிடும் என்பது வேறு விஷயம். ஊறுகாய் பாட்டில் என் நிரந்தரப் பயணத் துணை.

அந்த ஊரில் சாப்பாட்டைப் பற்றி நினைத்தால் கணித மேதை ராமானுஜன் ஞாபகம் வராமல் இருக்காது. 1914 ஏப்ரலில் வந்திறங்கியவர், டிரினிட்டியின் ஹ்யூவெல்ஸ் கோர்ட்டில் தங்கித் தானே சமைத்துச் சாப்பிட்டார். 2016-ல் ஒரு மதியம் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அந்தக் கல்லூரியின் ரென் நூலகத்துக்குப் போனேன். பொதுமக்களுக்கு 12 மணியிலிருந்து 2 மணி வரைதான் திறந்திருந்தது. ராமானுஜனின் ‘தொலைந்த நோட்டு’ இங்கேதான் 1976-ல் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கையில் அகப்பட்டது. நூறு பக்கத்துக்கு மேல், ஒரு பெட்டிக்குள், யாரும் சீந்தாமல். அது தெரிந்து போனதாலோ என்னவோ, படியேறும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்றைக்குக் காட்சிக்கு வைத்திருந்தவற்றில் அது இல்லை. நியூட்டன் தன் கைப்படத் திருத்தம் எழுதிய புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். குறை சொல்ல முடியுமா?

பணம். மலிவில்லை. வகுப்புக் கட்டணம் தனி, அறைக் கட்டணம் தனி. இரண்டு தடவை தெரிந்தவர் வீட்டில் தங்கி வகுப்புக்கு மட்டும் கட்டினேன். செலவு நன்றாகவே குறைந்தது, ஆனால் ராத்திரிப் பேச்சுகளை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. ஒருமுறையாவது உள்ளே தங்கிவிடுங்கள் என்பேன். கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கும் வசதிக்கும் தனியாகக் காசு; எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

2017-ல் செலவைக் குறைக்கலாம் என்று வேறொரு பல்கலைக்கழகத்தின் கோடை வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஓய்வு பெற்றவர்களுக்கானது என்று போட்டிருந்தார்கள். ஸ்லைடில் இருப்பதை ஒருவர் மெதுவாக, சத்தமாக வாசித்தார். வயதானால் காது மட்டும்தான் மங்கும், மூளையும் சேர்ந்தா மங்கும்? இரண்டாம் நாளோடு நின்றுவிட்டேன். பணம் திரும்பி வரவில்லை. கேம்பிரிட்ஜில் 20 வயதுக்காரிக்கும் 81 வயதுக்காரருக்கும் ஒரே தாள், ஒரே திட்டு.

போன தையில் மாயவரம் போயிருந்தபோது தாத்தாவின் பாகப்பத்திரத்தைத் தம்பி எடுத்துக் கொடுத்தான். பிரஜோற்பத்தி வருஷம் ஆவணி மாதம், அதாவது 1931. பிள்ளையார் சுழிக்குக் கீழே ஊர்க் கணக்குப்பிள்ளையான கரணத்தின் கூட்டெழுத்து. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸. லேப் பழக்கத்தில் கையில் பூதக்கண்ணாடி, மடியில் நோட்டு. தெரிந்த எழுத்துகளை முதலில் பட்டியலிட்டு, அதே கை அதே எழுத்தை வேறெங்கே எழுதியிருக்கிறது என்று தேடி, இரண்டு நாளில் முக்கால் பத்திரத்தைப் படித்துவிட்டேன். வாய்க்காலுக்கு மேற்கே உள்ள நிலத்தின் அளவில் மட்டும் சிக்கல். அங்கே இருக்கும் குறி ஒரு மா என்கிறான் தம்பி, அப்பா அப்படித்தான் சொல்வாராம். எனக்கு அது அரைமாவாகத்தான் தெரிகிறது. “அப்பா சொன்னதை விடு, தாளில் என்ன இருக்குன்னு பாருடா” என்றேன். பத்திரத்தைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான்.