ஜிம்னியா, ஸ்விஃப்டா, வேகன்ஆரா? வேலை வெளிநாட்டில், வீடு நீலகிரியில் என்றால் எந்த வண்டி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீட்டை வைத்துக்கொண்டு துபாயிலோ லண்டனிலோ வேலை பார்ப்பவர்கள், லீவுக்கு வந்தால் ஓட்ட என்று மனசில் குறித்து வைத்திருக்கும் வண்டி பெரும்பாலும் ஜிம்னி. வீட்டில் அப்பா சொல்வது வேகன்ஆர். நடுவில் சமாதானத்துக்கு ஸ்விஃப்ட் வரும். மூன்றும் மாருதி, மூன்றும் பெட்ரோல், மூன்றும் 4 மீட்டருக்குள் அடங்குபவை. ஆசைக்கு ஒன்று, காரியத்துக்கு ஒன்று என்று பிரிப்பது கோயம்புத்தூர் வரைக்கும் சரி. மலை அடிவாரத்துக் கல்லாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் கணக்கு மாறிவிடுகிறது. தார் ரோட்டில் ஓட்ட ருசியாக இருப்பது ஸ்விஃப்ட். ஜிம்னிதான் காரிய வண்டி, அதுவும் ஒரு வகை வீட்டுக்கு மட்டும்.

முதலில் இழுவை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். மூன்றிலும் டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி, கிடையாது. டர்போ இல்லாத எஞ்சின் உயரம் கூடக் கூட மூச்சு வாங்கும். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் போகும், ஊட்டிக்கு வந்து சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு சக்தி குறைந்திருக்கும். ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 105 பிஎஸ் (குதிரைத்திறன்), எடை சுமார் 1,200 கிலோ. 2024-ல் வந்த ஸ்விஃப்டின் மூன்று சிலிண்டர் 1.2-க்கு 82 பிஎஸ், எடை சுமார் 920 கிலோ. டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று வகுத்துப் பார்த்தால் இரண்டும் 90-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. பெரிய எஞ்சின் என்று நம்பி ஜிம்னி எடுத்தவர் பர்லியார் ஏற்றத்தில் ஸ்விஃப்டை ஓவர்டேக் செய்ய முடியாமல் தவிப்பதற்குக் காரணம் இதுதான். வேடிக்கை என்னவென்றால், மூன்றிலும் நன்றாக ஏறுவது 1.2 லிட்டர் வேகன்ஆர். 90 பிஎஸ், எடை 850 கிலோ அளவு. ஆனால் வாங்கும்போது 1.2-தானா என்று பாருங்கள். 1.0 லிட்டர் எஞ்சின் நாலு பேரோடு, ஏசியும் போட்டுக்கொண்டு, வெலிங்டன் ஏற்றத்தில் திணறும்.

ஸ்விஃப்டை மலையில் ஓட்டும் முறை வேறு. அதன் முழு டார்க் (இழுக்கும் முறுக்குவிசை) எஞ்சின் நிமிடத்துக்கு 4,300 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதுதான் வருகிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரிலேயே சோம்பலாக நுழைந்தால் 2,000-க்குக் கீழே விழுந்து வண்டி தட்டும். வளைவுக்கு முன்னால் முதல் கியருக்கு வந்துவிட்டு, வெளியே வரும்போது இரண்டில் 3,000-க்கு மேல் வைத்திருந்தால் சுறுசுறுப்பாக இழுக்கும். லேசான கிளட்ச், எடை குறைந்த முன்பக்கம், திருப்பிய இடத்துக்கு உடனே வரும் ஸ்டீயரிங். குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசிகளும் இந்த வண்டிக்கென்றே வெட்டின மாதிரி இருக்கும்.

ஜிம்னியின் ஸ்டீயரிங் பழைய ஜீப் ஜாதி. அதே வளைவுக்கு நிறையச் சுற்ற வேண்டும், விட்டால் தானாக நேருக்கு வருவதிலும் சோம்பல். கீழே லாரி மாதிரி ஏணி வடிவச் சட்டம் (லேடர் ஃப்ரேம்), முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்ஸில். ஓட்டை ரோட்டில் அது வரம். வளைவு வளைவாகப் போகும்போது மேல்பாகம் ஆடும், பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் குமட்டும். திரும்பும் வட்டத்தின் ஆரம் 5.7 மீட்டர். ஸ்விஃப்டுக்கு 4.8, வேகன்ஆருக்கு 4.7. அகலத்தில் ஜிம்னி ஸ்விஃப்டைவிட 9 செ.மீ. ஒல்லி, அதனால் எதிரே டீத்தூள் லாரி வரும்போது ஒதுங்குவது சுலபம். ஆனால் அப்பர் குன்னூர் சந்துகளில் ஸ்விஃப்ட் ஒரே மூச்சில் திரும்பும் இடத்தில் ஜிம்னியை ஒருமுறை ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். பின்னால் ஸ்டெப்னி தொங்குவதையும் கணக்கில் வையுங்கள். டிக்கி கதவு மேலே தூக்குவது கிடையாது, பக்கவாட்டில் திறக்கும். சுவரை ஒட்டி நிறுத்தினால் சாமான் எடுக்க முடியாது.

சரி, அப்படியென்றால் ஜிம்னி எதற்கு? தார் ரோடு முடிந்து வீட்டு வாசல் வரைக்கும் இருக்கும் அந்தக் கடைசி அரை கிலோமீட்டருக்கு. மஞ்சூர், எமரால்டு, கிண்ணக்கொரை பக்கம் எத்தனையோ வீடுகளுக்கு டீத்தோட்டத்துக்குள் செம்மண் பாதைதான் வழி. கூடலூர், தேவாலா பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இரண்டிலும் அந்தச் செம்மண் சோப்பு போட்ட மாதிரி ஆகிவிடும். ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. லாரித் தடத்துக்கு நடுவில் மேடு தட்டிய பாதையில் நாலு பேர் ஏறினால் அடிப்பாகம் உரசும், முதலில் அடி வாங்குவது முன் பம்பரின் கீழ் உதடு. ஜிம்னிக்கு 210 மி.மீ. கூடவே 4எல், அதாவது நாலு சக்கரத்துக்கும் மெதுவான, பலமான இழுவை தரும் கியர். பாதி ஏற்றத்தில் நின்றாலும் 4எல் போட்டு முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் விட்டால் நடந்து ஏறும். ஒரு சக்கரம் மட்டும் சுழன்றால் பிரேக்கே அதைப் பிடித்து மற்ற சக்கரத்துக்கு இழுவையைக் கொடுக்கும். கம்பெனி டயர் மட்டும் தார் ரோட்டுக்கானது. ஈரக் களிமண்ணில் டயர் வரிப் பள்ளமெல்லாம் அடைந்து வழுக்கும். அதே 195/80 ஆர்15 அளவில் மண்ணுக்கும் ரோட்டுக்கும் பொதுவான ஏ/டி டயர் போட்டால்தான் நாலு சக்கர இழுவைக்கு அர்த்தம் வரும்.

ஜிம்னி வாங்கிய புதிதில் பலர் செய்யும் கூத்து, மழை தூறினதும் தார் ரோட்டில் 4எச் (சாதாரண வேகத்துக்கான நாலு சக்கர இழுவை) போடுவது. முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் இதில் இல்லை. பிடிப்புள்ள ரோட்டில் கொண்டை ஊசி திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், அதற்கு வழி இல்லாமல், இழுவையை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் இறுகி வண்டி விந்தி விந்திப் போவது தெரிந்தால் உடனே 2எச்-க்கு, அதாவது பின் சக்கர இழுவைக்கு மட்டும், வாருங்கள். 4எச் மண்ணுக்கும் சேற்றுக்கும்தான்.

இறக்கத்தில் வண்டியைவிட ஓட்டுபவர்தான் முக்கியம். வெளிநாட்டில் ஆட்டோமேட்டிக்கிலேயே பழகினவர்கள் இங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள், பாதி வழியில் பிரேக் கருகும் வாசனை வருகிறது. ஏறின கியரிலேயே இறங்குவது பழைய சட்டம், இன்றைக்கும் அதுதான் சட்டம். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாகும், எஞ்சின் பிடிப்பும் போய்விடும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறங்குபவருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஸ்விஃப்டிலும் வேகன்ஆரிலும் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் உண்மையில் ஏஎம்டி. மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மோட்டார் மிதிக்கிறது. இறக்கத்தில் டி-யில் விட்டால் அது பாட்டுக்கு மேல் கியருக்குத் தாவிவிடும். லீவரை எம் பக்கம் தள்ளி இரண்டில் பூட்டி வையுங்கள். ஏற்றத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினால் கிளட்ச் வெந்துவிடும். ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு ஒன்றிரண்டு நொடிதான் பிடிக்கும், அதற்குமேல் ஹேண்ட்பிரேக்தான். மே மாத சீசன் நெரிசலில் குன்னூர் பஸ் ஸ்டாண்ட் ஏற்றம் இந்தக் கிளட்சுகளுக்குப் பரீட்சை. ஜிம்னியில் இருப்பது நான்கு கியர் டார்க் கன்வர்ட்டர், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக். பழைய காலத்துச் சரக்கு, மைலேஜும் சுமார். ஆனால் ஏற்றத்தில் நின்று நின்று போவதற்கு அது நோகாது. இறக்கத்தில் 2-க்கோ எல்-க்கோ இழுத்தால் போதும். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் இந்த ஒரு விஷயத்தில் ஜிம்னி மற்ற இரண்டையும் மிஞ்சுகிறது.

லீவு முடிந்து நீங்கள் விமானம் ஏறின பிறகு வண்டியில் உட்காரப்போவது அப்பாவும் அம்மாவும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேகன்ஆர் சீட்டின் உயரம் அளவெடுத்த மாதிரி. குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். ஸ்விஃப்டில் இறங்கி உட்கார்ந்து, எழும்போது கதவைப் பிடிக்க வேண்டும். ஜிம்னியில் கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும், பின்கதவும் சின்னது. டிக்கி வேகன்ஆரில் 341 லிட்டர், ஸ்விஃப்டில் 265, ஜிம்னியில் 208. கோவை ஏர்போர்ட்டிலிருந்து இரண்டு பெரிய பெட்டியோடு வருகிறவருக்கு ஜிம்னியில் பின்சீட்டை மடக்கத்தான் வேண்டும். அதுவும் ஜிம்னி நாலு சீட் வண்டி. ஐந்தாவது ஆளுக்கு பெல்ட்டும் இல்லை, சட்டப்படி இடமும் இல்லை.

பணக் கணக்கில் இடைவெளி பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள்ளும் 1,200 சிசிக்குள்ளும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஸ்விஃப்டும் வேகன்ஆரும் அதில் வருகின்றன. ஜிம்னி நீளத்தில் அடங்கினாலும் எஞ்சின் 1,462 சிசி, அதனால் 40 சதவீதம். தமிழ்நாட்டு ஆயுள் வரியும் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதற்குமேல் 20 லட்சம் வரை 18. ஷோரூம் விலையே 12 லட்சத்தைத் தாண்டும் ஜிம்னிக்கு வரி மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் போகும். ஸ்விஃப்ட் ஏறக்குறைய அதில் பாதி விலையில் தொடங்குகிறது. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஜிம்னி மேல் தனி ஏக்கம் உண்டு. புகை விதியால் நாலு சீட் ஜிம்னி 2020-ல் அங்கே விற்பனையிலிருந்து போய், பிறகு இரண்டு சீட் சரக்கு வண்டியாகத்தான் திரும்பி வந்தது. வளைகுடாவில் பார்க்கும் மூன்று கதவு ஜிம்னி இங்கே ஷோரூமில் கிடையாது. அந்த ஏக்கத்துக்காகவே வாங்குவதென்றால் தப்பில்லை, காரணத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அடுத்தது, ஓட்ட ஆள் இல்லாமல் வருஷத்தில் பத்து மாதம் வண்டி சும்மா நிற்பது. நீலகிரி ஈரத்தில் வண்டியை நிறுத்தி வைப்பது ஓட்டுவதைவிடக் கஷ்டம். ஹேண்ட்பிரேக் போட்டு விட்டுப் போனால் பின் டிரம்மில் லைனிங் துருவோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயரில் காற்றை 40 பிஎஸ்ஐ வரை ஏற்றி வைத்தால் ஒரே இடத்தில் தட்டையாவது குறையும். பெட்ரோல் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. இப்போது வருவது எத்தனால் கலந்த இ20, காலி டேங்கில் சேரும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 மி.மீ. ஸ்பேனரால் கழற்றி விடலாம்.

வீட்டில் ஓட்ட ஆள் இருந்தால் இதெல்லாம் வேண்டாம், பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். வாசலிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல். ஸ்டார்ட்டுக்குச் செலவான சார்ஜ் திரும்பி ஏறாது, சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும். ஜிம்னி என்றால் மாதம் ஒருமுறை மண் பாதையில் 4எச் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும், அப்போதுதான் முன் ஆக்ஸிலில் எண்ணெய் பரவும். பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளே வியர்த்து சீட்டெல்லாம் பூஞ்சை பிடிக்கும், காற்று போகும் துணிக் கவர்தான் வேண்டும். லீவுக்கு வந்து சாவி போடும் முன் பானெட்டைத் திறந்து ஏர்ஃபில்டர் பெட்டிக்குள் பாருங்கள். எலிக்குப் பிடித்த இடம் அது. வயர் கடித்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறினால் அது 155-ஐ ஒட்டி வந்துவிடும். இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான். கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வீட்டு முகவரியில் ஊட்டி ஆர்டிஓவில் டிஎன் 43 பதிவு வாங்கிவிடுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வேண்டும், டிஎன் 43-க்கு வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்திலும் வெளியூர்ப் பதிவு வண்டிகளை விடுவதில்லை. உங்கள் இந்திய லைசென்ஸ் தேதியையும் பாருங்கள். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டினால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும், நாலு வார லீவில் அதற்கே அலைய வேண்டியிருக்கும்.

வீடு தார் ரோட்டில், ஓட்டுவது அப்பா என்றால் வேகன்ஆர் 1.2 மேனுவல். வீடு தார் ரோட்டில், லீவில் நீங்கள் ஓட்டுவதுதான் முக்கியம் என்றால் ஸ்விஃப்ட் மேனுவல், பின் கண்ணாடிக்கு வைப்பரும், படியும் ஈரத்தைப் போக்கும் டீஃபாகரும் உள்ள வேரியன்ட். மூடுபனியில் அது இல்லாமல் ரிவர்ஸ் எடுக்க முடியாது. மழைக்காலத்தில் வீட்டுப் பாதையில் வாடகை ஜீப்பைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றால் மட்டும் ஜிம்னி. டெஸ்ட் டிரைவை கோவை அவிநாசி ரோட்டில் முடித்துவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசியின் நடுவில் நிறுத்தி மறுபடியும் கிளப்பிப் பாருங்கள். அங்கே கிளட்ச் வாடை வராமல் கிளம்பினால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.