ஆங்கிளா, அச்சா, பிளைவுட்டா: சிறிய கேபினெட்டில் இன்னொரு ஹார்டு டிஸ்க்

என் மேசைக்கு அடியில் இருக்கும் கணினிக் கேபினெட்டில் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் வைக்க ஓர் இடம்தான் உண்டு. 17 செ.மீ. சதுரமான மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டுக்காகச் செய்த பெட்டி அது. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கும் முன்பக்க மின்விசிறிக்கும் நடுவே கொஞ்சம் தரை சும்மா கிடந்தது. அங்கே இரண்டாவது டிஸ்க்கை நிறுத்த வேண்டும். அதற்கென்று பிராக்கெட் எதுவும் விற்பனையில் இல்லை. அக்ரிலிக், முப்பரிமாண அச்சு, பிளைவுட், ‘எல்’ வடிவ அலுமினியப் பட்டையான ஆங்கிள் என்று நான்கு விதமாகவும் செய்து பார்த்துவிட்டேன்.

எதில் செய்தாலும் அளவுகள் ஒன்றுதான். 3.5 அங்குல டிஸ்க்கின் அகலம் 101.6 மி.மீ., நீளம் 147, உயரம் 26.1. பக்கவாட்டில் முன் துளைக்கும் பின் துளைக்கும் இடையிலான தூரமும் அதே 101.6தான், இரண்டும் சரியாக 4 அங்குலம். துளையின் மையம் டிஸ்க்கின் அடியிலிருந்து 6.35 மி.மீ. உயரத்தில் இருக்கும். அதிகக் கொள்ளளவு உள்ள புதிய டிஸ்க்குகள் பலவற்றில் பக்கவாட்டு நடுத்துளை இல்லை. அடிப்பக்கத் துளைகளின் இடைவெளியும் பழைய 44.45 மி.மீ.யிலிருந்து 76.2க்கு மாறிவிட்டது. பழைய டிஸ்க்கை வைத்துத் துளை குறித்தால், நாளைக்குப் புதிய டிஸ்க் வாங்கும்போது பிராக்கெட் பொருந்தாமல் போகும். பக்கவாட்டின் முன், பின் துளைகளை மட்டும் நம்புவது நல்லது.

அளவில் நான் கோட்டைவிட்டது வேறிடத்தில். டிஸ்க்குக்கு இடம் பார்த்தேன், கேபிளுக்குப் பார்க்கவில்லை. தரவு போகிற சாட்டா கேபிளும் மின்கேபிளும் மடங்காமல் திரும்ப, பின்னால் 4 செ.மீ. வேண்டும். அதன் பிறகு எதை வெட்டுவதானாலும் முதலில் செருப்புப் பெட்டி அட்டையில் வெட்டி, கேபிளையும் செருகிப் பார்த்துவிட்டுத்தான் ஆக்ஸா பிளேடைத் தொடுகிறேன்.

முதலில் அக்ரிலிக். பார்க்க அழகு, விளம்பரப் பலகை செய்கிற கடைகளில் துண்டு கிடைக்கும், சூடுபடுத்தினால் வளையும். ஆனால் உலோகத்துக்கான ட்ரில் பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் அதைக் கவ்வி இழுத்துவிடும். ‘டிக்’ என்று ஒரு சில்லு பறக்கும். மெதுவாகத் துளைத்துத் தப்பித்தாலும், திருகை முறுக்கிய அழுத்தம் துளையைச் சுற்றி உறைந்து நிற்கும். நான் செய்தது ஒரு வாரம் தாங்கியது. எட்டாம் நாள் பார்த்தால் துளையிலிருந்து ஓரம் வரை மயிரிழைபோல ஒரு விரிசல். நொடிக்கு 120 முறை சுழல்கிற பொருளை அதில் மாட்டியது என் தவறு. டிஸ்க்குக்கு அக்ரிலிக் வேண்டாம். இதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

முப்பரிமாண அச்சின் பலம் வடிவத்தில் இருக்கிறது. மின்விசிறியின் மூலையைச் சுற்றிப்போய், எஸ்.எம்.பி.எஸ். திருகு ஒன்றையே பிடித்துத் தொங்க வேண்டுமென்றால் வேறு எதிலும் அது சுலபமில்லை. ஆனால் எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்காமல் கொடுத்துவிடக் கூடாது. நான் கேட்கவில்லை. கடைக்காரர் வழக்கமான பி.எல்.ஏ.யில் அச்சிட்டுத் தந்தார். அது இளகத் தொடங்குவது 60 டிகிரி செல்சியஸ் வாக்கில். என் டிஸ்க் கோடையில் 48ஐத் தொடும். இடைவெளி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 700 கிராம் எடையை மாதக்கணக்கில் வெதுவெதுப்பில் சுமந்தால், இளகும் நிலைக்கு வராமலே அது மெல்ல வளைந்து கொடுத்துவிடுகிறது. மார்ச்சில் மாட்டியது, மே கடைசியில் டிஸ்க்கின் முன்பக்கம் 3 மி.மீ. தாழ்ந்திருந்தது. திருகின் தலைக்கு அடியில் பிளாஸ்டிக் அமுங்கி, எல்லாத் திருகும் விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. பி.இ.டி.ஜி.யில் கேட்டிருக்க வேண்டும். அது 80 டிகிரி வரை தாங்கும். ஏ.பி.எஸ். இன்னும் மேலே, 100ஐத் தாண்டும், ஆனால் அச்சாகும்போதே மூலைகள் சுருண்டு எழும்பும். படுக்கவைத்து அச்சிடுகிறார்களா, நிற்கவைத்தா என்பதையும் கேளுங்கள். நிற்கவைத்த ‘எல்’ வடிவம் அடுக்குக்கு அடுக்கு ஒட்டிய இடத்தில்தான் உடையும்.

பிளைவுட் என்றால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 6 மி.மீ. பிளைவுட் அதிர்வை விழுங்குவதுபோல மற்ற மூன்றும் விழுங்குவதில்லை. வெட்ட எளிது, துகள் விழுந்தாலும் மின்சாரம் கடத்தாது. சிக்கல் திருகில் வருகிறது. 3.5 அங்குல டிஸ்க்குக்கு வேண்டியது 6-32 என்ற அங்குல மரைத் திருகு, சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு வருகிற எம்3 (3 மி.மீ.) திருகு அதில் லொடலொடவென்று ஆடும். கணினிக் கடையில் கிடைக்கும் 6-32, கால் அங்குல நீளம்தான். 6 மி.மீ. பலகையைத் தாண்டி அது டிஸ்க்கின் மரையைப் பிடிக்காது. பலகையைத் திருகின் தலைக்குக் குடைந்து பள்ளமாக்க வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல தேர்வு.

கடைசியாக ஆங்கிள். அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை வாசலில் கழித்துப் போட்ட துண்டுகளே போதும். 1 அங்குல ஆங்கிள், 2 மி.மீ. கனம், 12 செ.மீ. நீளத்தில் இரண்டு. நிற்கும் பக்கத்தை டிஸ்க்கின் விலாவில் திருகி, படுக்கும் பக்கத்தைக் கேபினெட் தரையில் திருக வேண்டும். டிஸ்க்குக்கு அடியில் 8 மி.மீ. காற்றுக்கு விட்டேன், எனவே துளை ஆங்கிளின் அடியிலிருந்து 14.35 மி.மீ. உயரத்தில். சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்திக்கொண்டு, முதலில் 2 மி.மீ. பிட், பிறகு 4 மி.மீ. பிட். 6-32 திருகின் கனம் 3.5 மி.மீ.; அந்த அரை மி.மீ. சலுகை குறித்ததில் உள்ள பிசகை மன்னித்துவிடும். கால் அங்குலத் திருகில் ஆங்கிளின் கனம் போக 4 மி.மீ.க்கு மேல் உள்ளே நுழையும். அது அதிகம். தலைக்கு அடியில் 1 மி.மீ. வாஷர் ஒன்று போட்டால் 3 சொச்சம்தான் போகும்.

உலோகம் டிஸ்க்கின் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் அதிர்வையும் அப்படியே தரைக்குக் கடத்தும்; மெல்லிய கேபினெட் தகடு தம்பட்டமாகிவிடும். மாட்டிய முதல் இரவு, ஏற்கனவே இருந்த டிஸ்க்கும் புதியதும் சேர்ந்து ‘ஊம்’ என்று ஏறி, அடங்கி, மறுபடி ஏறின. வேகத்தில் மயிரிழை வித்தியாசம் உள்ள இரண்டு சுழற்சிகள் ஒரே தகட்டில் மோதினால் அப்படித்தான் கேட்கும். ஆங்கிளின் காலுக்கும் தரைக்கும் இடையில் சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு மடிப்பாக வைத்து, திருகை முழுதாக இறுக்காமல் விட்டேன். அலை நின்றது; காதை வைத்தால் கேட்கிற முனகல் மட்டும் மிச்சம்.

என் ஓட்டு ஆங்கிளுக்கு. ஒரே ஒரு நிபந்தனை: அறுப்பதும் ராவுவதும் வேறு அறையில். அலுமினியப் பொடி ஒரு சிட்டிகை மதர்போர்டில் விழுந்தால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். நேராக ஆங்கிள் நுழையாத கோணல் இடமென்றால் மட்டும் பி.இ.டி.ஜி. அச்சு. எதைச் செய்தாலும், காற்று நிரப்பிய டிஸ்க்குகளில் ‘மூடாதீர்கள்’ என்று குறித்திருக்கும் சின்னத் துளையின்மேல் ரப்பரோ பலகையோ வரக் கூடாது.

எஸ்.எஸ்.டி.க்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. 7 மி.மீ. கனம், ஒரு கோழிமுட்டையின் எடை, உள்ளே அசைகிற பொருள் ஒன்றும் கிடையாது. இரட்டைப் பக்க ஒட்டுநாடா ஒரு துண்டு போதும்.