உக்ரைனா, அஜர்பைஜானா? மரியா ஸ்டாட்னிக்கின் கணக்கு

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் ஓர் எடைப்பிரிவுக்கு நாட்டுக்கு ஒருவர்தான். உக்ரைனின் லிவிவில் பிறந்து, அஜர்பைஜானுக்கு மாறி ஆடிய மல்யுத்த வீராங்கனை மரியா ஸ்டாட்னிக் உக்ரைனிலேயே இருந்திருந்தால், 48 கிலோவில் அந்நாட்டின் 2004 ஏதென்ஸ் சாம்பியன் இரினி மெர்லேனியை ஓரங்கட்டினால்தான் பெய்ஜிங் போக முடியும். இளம் வீராங்கனைக்கு அது லேசுப்பட்ட வேலையில்லை.

அஜர்பைஜான் பக்கம் அந்தச் சிக்கல் இல்லை. விளைவு: 2008இல் அதே எடையில் மரியாவுக்கும் மெர்லேனிக்கும் ஆளுக்கொரு வெண்கலம். (மல்யுத்தத்தில் வெண்கலம் இரண்டு.) இடம் உறுதியென்றால் மாறத் தேவையே இல்லை; கணவர் ஆந்திரி உக்ரைனுக்கே ஆடி அதே பெய்ஜிங்கில் 66 கிலோ வெள்ளி வென்றார்.

அப்புறம் மரியாவுக்கு லண்டன், ரியோ வெள்ளிகள், டோக்கியோ வெண்கலம், 2009, 2019 உலகப் பட்டங்கள். ஒலிம்பிக் தங்கம் மட்டும் வாய்க்கவில்லை. ரியோ இறுதியில் 2-1 என முன்னிலையில் இருந்தவர், கடைசி நொடிகளில் ஜப்பானின் எரி தோசாகாவிடம் 2 புள்ளி விட்டு 3-2 என்று தோற்றார்.